பாவமன்னிப்புப் பெற்ற பிறகும் குற்ற உணர்வு நீங்காதது ஏன்?

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலமான தவக்காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் கத்தோலிக்கச் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தும் குற்ற உணர்வு போகவில்லை, கடவுள் என்னை மன்னிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னித்துவிட்டார் என்பதே என் பதில். அதை நம்புவதற்கு எனக்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பால்மரம் வெட்டிய அப்பா இறந்தபோது அவருடைய சேமநிதிப் பணத்துக்கு என் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். அக்காவுக்குப் பாதி கொடுத்துவிட வேண்டும் என்று வாய்மொழியாக என்னிடம் சொல்லியும் இருந்தார். நான் கொடுக்கவில்லை. சட்டம் என் பக்கம் இருந்தது, அக்காவும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆண்டுதோறும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, முந்தைய ஆண்டின் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கி, சிலுவைப்பாதையில் முழந்தாளிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் "பேராசைப்பட்டேன் சாமி" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வேன்.

ஓர் ஆண்டு, நடந்தது முழுவதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் பாவமன்னிப்பு வழங்கிய பின், லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் தந்தையின் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மைந்தன், வழியில் சொல்ல நினைத்ததையும், வீட்டு வாசலில் சொன்னதையும் ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

பன்றிகளின் நடுவே பசியோடு இருந்தபோது அவன் மூன்று விஷயங்களைச் சொல்லத் தீர்மானிக்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியற்றவன், என்னை உம் கூலியாட்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தொலைவிலேயே அவனைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்ட தந்தையிடம் முதல் இரண்டைச் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் தந்தை பணியாளர்களை அழைத்து, நல்ல ஆடையையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலி என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை. விடியுமுன் பெரட்டில், அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைய சம்பளம் என்று வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. அதனாலோ என்னவோ, நோன்பையும் நாள்கணக்கில் சேர்த்து மன்னிப்பைச் சம்பாதித்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். நாற்பது நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த மூன்றாவது கோரிக்கையைத்தான் என்று அன்றிரவு புரிந்தபோது அழுதுவிட்டேன்.

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கினாலும் பாவத்தால் விளைந்த கேட்டைச் சரிசெய்துவிடுவதில்லை, எடுத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். இயேசு வரிதண்டுவோர் தலைவனான சக்கேயுவிடம், இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் சொல்கிறார். ஏமாற்றியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்று சக்கேயு சொல்வது அதற்குப் பிறகுதான். உங்கள் மனத்தை உறுத்துவது, நான் கொடுக்காமல் வைத்திருந்ததைப் போன்ற ஒன்றாக இருக்கலாம். அப்படியானால் அந்த உறுத்தலைக் கடவுளின் கோபம் என்று எண்ணாதீர்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரம் பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு தாளாக எண்ணினார். "அம்மா இருந்தப்பவே குடுத்திருந்தா அம்மா பாத்திருக்கும்டா" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் என் பக்கம் திரும்பவில்லை. புனித வெள்ளியன்று சிலுவையை முத்தமிட்டு வணங்கும் சிலுவை முத்தி வரிசையில் வந்து எனக்குப் பின்னால் நின்றார்.