ரத்தம் ஊற வைக்கும் மருந்துகள்: செவிலியர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

வார்டில் பல வருடம், அப்புறம் நர்சிங் மாணவிகளுக்கு மருந்தியல் வகுப்பு என்று என் வேலை ஓடியிருக்கிறது. ரத்தசோகை மருந்துகள் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தசோகை ஒரு அறிகுறிதான். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைச் செங்கல் சூளையாக நினைத்துக்கொள்ளுங்கள். கல் வராததற்கு மண், அதாவது இரும்பும் வைட்டமினும், இல்லாதது காரணமாக இருக்கலாம், கல் அறுக்கச் சொல்லி ஆர்டர் வராதது காரணமாக இருக்கலாம், சூளையே அணைந்திருக்கலாம். எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் பலன் இருக்காது, சில சமயம் கெடுதலும் வரும்.

கிராம சுகாதார செவிலியர், தர்மபுரி மாவட்டம்: அக்கா, கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அட்டை அட்டையாக அலமாரியில் இருக்கிறது. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் வீடு வரை போய் அலமாரியைப் பார்த்திருக்கிறீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை மாத்திரை கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அவர்களாகப் பார்த்துப் பயந்த பிறகு சொன்னால் சமாதானம் சொல்வதாகத்தான் தோன்றும். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியே போவதால் வரும் நிறம் அது. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போனால் குடலில் ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை மாமியாரும் கூட இருக்கும்போது சொன்னால்தான் வேலைக்காகும்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள், உண்மைதான். ஆனாலும் சாப்பிட்டபின் விழுங்கிய மாத்திரையில் கொஞ்சமாவது உடம்பில் சேரும். அலமாரியில் இருக்கும் மாத்திரையில் ஒன்றும் சேராது. முதல் இரண்டு வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள், தூக்கத்தில் குமட்டல் தெரியாது. பழகிய பிறகு சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இடைவெளி விடச் சொல்லலாம். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று கூட இருந்தால் நல்லது. டீயும் காபியும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும்.

நம் ஆட்கள் அதிகம் தவறுவது கால்சியத்தில்தான். அதே கர்ப்பிணிக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறோம், அவர் இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. காலையும் மதியமும் சாப்பாட்டோடு கால்சியம், ராத்திரி இரும்பு என்று பிரித்துவிடுங்கள். அசிடிட்டிக்கான ஜெலுசில் வகை மருந்துக்கும் இதே கதை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் வேண்டும்.

அளவு உங்களுக்குத் தெரிந்ததுதான். சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் தினம் இரண்டு. பூச்சி மாத்திரையை மறக்காதீர்கள். கொக்கிப்புழு குடித்துக்கொண்டிருக்கும் ரத்தத்தை மாத்திரையால் ஈடுகட்ட முடியாது.

பி.எஸ்சி. நர்சிங் மாணவி, சேலம்: ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. என்றால் 200 மி.கி. இரும்பு இல்லையா மேடம்?

இல்லைம்மா. அது இரும்போடு வேறு பொருளும் சேர்ந்த உப்பின் மொத்த எடை. உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.யில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் அது 35 அளவுக்கு இறங்கிவிடும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை விடுங்கள், 'எலிமென்டல் அயர்ன்' என்று பொடியாக எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டோஸ் இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாளைக்குச் சாத்திவிடும். அதனால்தான் சில மருத்துவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதுகிறார்கள். மறந்து எழுதியதாக நினைத்து நீங்களாகத் தினமும் என்று திருத்திவிடாதீர்கள், கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டம் தினமும் என்றுதான் சொல்கிறது.

இரண்டு வயதுக் குழந்தையின் அம்மா, திருச்சி: இரும்பு சிரப் கொடுத்து மகன் பல் கறுத்துவிட்டது. நிறுத்திவிடலாமா சிஸ்டர்?

நிறுத்த வேண்டாம். அது மேலே படிந்த கறைதான், பல் கெட்டுப்போகவில்லை. டிராப்பரை நாக்கின் பின்பக்கமாக வைத்து ஊற்றுங்கள், உடனே தண்ணீர் கொடுங்கள், பல்லைத் துடைத்துவிடுங்கள். பாலில் கலக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன், இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். வீட்டில் உங்களுக்கான சிவப்பு மாத்திரை இருந்தால் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். ஒரு கிலோ எடைக்கு 20 மி.கி. இரும்பு போனாலே விஷத்தின் அறிகுறி தொடங்கலாம். 60 மி.கி. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 கிலோ குழந்தைக்கு 600 மி.கி. என்பது 60 மி.கி. மாத்திரை பத்து, அதாவது ஒரே ஒரு அட்டை.

இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. முதல் ஆறு மணி நேரம் வாந்தி, வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி. அப்புறம் குழந்தை தெளிந்துவிட்ட மாதிரி இருக்கும், விளையாடக்கூடச் செய்யும். வீட்டார் சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போய்விடுவார்கள். அந்த நேரத்தில் இரும்பு செல்களுக்குள் புகுந்துகொண்டிருக்கும். அடுத்து வருவது அதிர்ச்சி நிலை, பிறகு கல்லீரல் செயலிழப்பு. மாத்திரை விழுங்கியது தெரிந்தால் குழந்தை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், காலி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். இதைப் படிக்கும் செவிலியர்களுக்கு: விஷத்துக்குக் கொடுக்கும் கரித்தூள் இரும்பைப் பிடிக்காது, அதில் நேரத்தை விடாதீர்கள். முறிவு மருந்து டெஸ்ஃபெரியாக்சமின். அது ஏறும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம், பயப்பட வேண்டாம்.

ஸ்டாஃப் நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம்: டிரிப்பில் ஏற்றும் இரும்பு மருந்தான அயர்ன் சுக்ரோஸ் போடும் நாளில் எனக்குக் கை நடுங்குகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அந்தப் பயம் நல்லதுதான், கணக்கைச் சரிபார்க்க வைக்கும். மொத்தம் எவ்வளவு தேவை என்று முதலில் பாருங்கள். எடையை, ஏற வேண்டிய ஹீமோகுளோபினால் பெருக்கி, 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டுங்கள். 50 கிலோ கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 7, இலக்கு 11 என்றால் 50 × 4 × 2.4 = 480. கூட 500 சேர்த்தால் 980. ஆகச் சுமார் 1000 மி.கி., ஐந்து தடவை 200. வாரத்துக்கு 600-ஐத் தாண்டாது. முதல் மூன்று மாதத்தில் போடுவதில்லை.

200 மி.கி.யை 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து, குறைந்தது 15 நிமிடம் எடுத்து ஏற்றுங்கள். நான் இருந்த வார்டில் அரை மணி ஆக்குவோம். டெக்ஸ்ட்ரோஸில், அதாவது குளுக்கோஸ் டிரிப்பில், கலக்கக் கூடாது. மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் (கேனுலா) ரத்தக்குழாய்க்குள் சரியாக இருக்கிறதா என்று வெறும் சலைன் விட்டுப் பார்த்த பிறகே மருந்து. வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை படிந்து மாதக்கணக்கில் போகாது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருவர் அந்தக் கையை முந்தானையால் மறைத்துக்கொண்டே செக்கப்புக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

எதிர்வினையில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். முகம் சிவப்பது, நெஞ்சு இறுக்கம், முதுகுவலி, ஆனால் பி.பி. சரியாக இருக்கிறது, மூச்சில் விசில் சத்தம் இல்லை, முகமும் வீங்கவில்லை என்றால் டிரிப்பை நிறுத்திப் பக்கத்திலேயே நில்லுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். இதற்கு அவசரப்பட்டு அலர்ஜி ஊசியான ஏவில் போட்டால் பி.பி. இறங்கி, இல்லாத பிரச்சினை ஒன்று உண்டாகும். பி.பி. விழுந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, நாக்கும் உதடும் வீங்கினாலோ அது அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில், அதுவும் உடனே. அந்த ஆம்பூல் பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது, டிரிப் தொடங்கும் முன்பே டிரேயில் இருக்க வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இன்னொரு இரும்பு டிரிப் வந்தபின் ஒரே தடவையில் 1000 மி.கி. வரை ஏற்ற முடிகிறது. மலைக்கிராமத்திலிருந்து ஐந்து தடவை பஸ் ஏறி வர முடியாத பெண்ணுக்கு இது பெரிய உதவி. அடிக்கடி போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது குறையும். சோர்வு அதிகமானாலோ எலும்பு வலித்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நர்சிங் மாணவர், மதுரை: ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தம் ஏறுகிறதே, அப்புறம் ஏன் பி12 ஊசி?

நல்ல கேள்வி தம்பி. இரண்டில் எது குறைந்தாலும் சிவப்பணுக்கள் பெரிதாகி, முதிராமல் நின்றுவிடும். இதன் கதையில் நம் ஊரும் வருகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்தார். நடுவில் நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறியது. 1931-ல் அதை எழுதினார். அதில் இருந்த பொருளுக்குத்தான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், ரிப்போர்ட் அழகாக வரும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். சைவம் மட்டும் சாப்பிட்டுவந்த பெரியவர் ஒருவரை இப்படிப் பார்த்தேன். வெளியே எங்கேயோ மாதக்கணக்கில் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்திருந்தார்கள். கால் மரத்து, கண்ணை மூடினால் தள்ளாடும் நிலையில் எங்கள் வார்டுக்கு வந்தார். ஊசி ஆரம்பித்தபின் நடை ஓரளவு திரும்பியது, பாதத்தின் மரப்பு போகவே இல்லை. அதனால் ரத்தசோகை நோயாளியிடம் கால் மதமதப்பு உண்டா, செருப்பு கழன்று விழுவது தெரியாமல் போகிறதா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ அசிடிட்டிக்கு ஒமெப்ரசோலோ சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், இரண்டுமே பி12-ஐக் குறைக்கும். கடுமையான குறைபாட்டில் ஊசி தொடங்கிய முதல் சில நாள் பொட்டாசியம் இறங்கலாம், புது அணுக்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூட்டுவாத நோயாளியின் மகள், கோவை: அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் தினமும் கொடுக்கலாமா?

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை நின்று உயிரே போகலாம். இதுவரை தினமும் கொடுத்திருந்தால் இப்போதே நிறுத்தி, இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கிழமையை அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். ஃபோலிக் அமிலத்தை மெத்தோட்ரெக்சேட் போடாத நாளில், மருத்துவர் எழுதியபடி கொடுங்கள்.

டயாலிசிஸ் செவிலியர், சென்னை: எரித்ரோபொய்டின் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று நோயாளிகள் சண்டைக்கு வருகிறார்கள்.

சிவப்பணு செய்யச் சொல்லி மஜ்ஜைக்கு ஆர்டர் போடும் ஹார்மோன்தான் எரித்ரோபொய்டின், அதைச் சுரப்பது சிறுநீரகம். சிறுநீரகம் கெட்டால் சூளைக்கு ஆர்டர் போவதில்லை. நாம் ஊசியாகப் போடுவது அந்த ஆர்டர்தான். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், இதை முதல் ஊசியன்றே சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் ஏறவில்லை என்றால் முதலில் உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பரிசோதனைகளைப் பாருங்கள். மண் இல்லாமல் ஆர்டர் மட்டும் போனால் கல் எங்கிருந்து வரும்? அடுத்துக் கிருமித்தொற்று, ரத்தக்கசிவு. ஊசி எப்படி வைக்கப்பட்டிருந்தது என்றும் விசாரியுங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது, குலுக்கினால் புரதம் கெட்டுவிடும்.

பி.பி. பார்க்காமல் ஊசி போடாதீர்கள். ஹீமோகுளோபினை 10-லிருந்து 11.5 வரை வைத்தால் போதும். 13-ஐத் தாண்ட விட்டால் பக்கவாதமும் ரத்தக்கட்டும் வரும் ஆபத்து கூடுகிறது. இரண்டு வாரத்தில் 1 கிராமுக்கு மேல் ஏறினாலும் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறையுங்கள்.

புற்றுநோய் வார்டு செவிலியர்: ஃபில்கிராஸ்டிம் போட்ட இரவு எலும்பு வலி தாங்காமல் அழுகிறார்கள்.

ஃபில்கிராஸ்டிம் வெள்ளையணுவை ஊற வைக்கும் ஊசி. அதற்காக மஜ்ஜை வேகமாக வேலை செய்வதால் இடுப்பும் முதுகும் வலிக்கும். பாராசிட்டமால் கேட்கும். ஆனால் கொடுக்கும் முன் காய்ச்சல் பாருங்கள். வெள்ளையணு குறைந்தவரின் காய்ச்சலை மாத்திரை மறைத்துவிட்டால் தொற்று தெரியாமல் முற்றிவிடும். இடது மேல்வயிறோ இடது தோளோ வலிக்கிறது என்றால் மண்ணீரலை நினையுங்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கீமோவுக்கும் இதற்கும் நடுவில் 24 மணி நேரம் வேண்டும். டிரிப்பாகப் போட்டால் இதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைன் ஆகாது. அயர்ன் சுக்ரோஸுக்கு நேர் எதிர்.

செவிலியர், நீலகிரி: பழங்குடிக் கிராமங்களில் ரத்தசோகை என்றாலே இரும்பு கொடுத்துவிடுகிறோம். சரியா?

எல்லோருக்கும் ஒரே மருந்து என்று போவது சரியில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணு (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் கோளாறு) இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. அவர்களிலும் இரும்பு குறைந்தவர்கள் உண்டு, கர்ப்பிணிகளுக்கு மாத்திரையும் வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை, மூட்டும் எலும்பும் அடிக்கடி வலிக்கிறது, கண் மஞ்சளாக இருக்கிறது என்றால் மாத்திரையைக் கூட்டாமல் அரிவாள் அணு, தலசீமியா என்ற இரண்டு பரம்பரை ரத்தக் கோளாறுகளுக்குமான பரிசோதனைக்கு அனுப்புங்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர் உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கும். அவருக்கு அதை வெளியேற்றும் மருந்துதான் தேவை.

அரிவாள் அணு நோய்க்கு ஹைட்ராக்சியூரியா நல்ல மருந்து. பிறந்த குழந்தையிடம் இருக்கும் வகை ஹீமோகுளோபினைக் கூட்டி, வலி வருவதைக் குறைக்கும். காப்ஸ்யூலைக் கையுறை போட்டு எடுங்கள், திறக்காதீர்கள். ரத்த அணு எண்ணிக்கையைத் தவறாமல் பாருங்கள். குழந்தை பெறும் திட்டம் உண்டா என்று கணவன், மனைவி இருவரிடமும் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காமல் அன்று ராத்திரியே வரச் சொல்லுங்கள், வண்டி கிடைக்காத ஊர் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எண்ணை எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.