பறி, சொல்விளம்பி, ஃபெமெ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள், இதுதான் குழூஉக்குறி, அதாவது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் சொல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. இன்றைக்கு யார் அப்படிப் பேசுகிறார்கள்?

பதில்: நீங்களும் நானும்தான். வேலை பார்க்கும் இடத்தில் மேலதிகாரிக்கு ஒரு பட்டப்பெயர் இருக்குமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். நன்னூல் குழூஉக்குறியை இடக்கரடக்கல், மங்கலம் இரண்டோடும் சேர்த்துத் தகுதி வழக்கில், அதாவது இடத்துக்குத் தகுந்தபடி வேறு சொல்லால் சொல்வதில், வைக்கிறது. கூசும் சொல்லை மறைக்கும் இடக்கரடக்கலும், அமங்கலத்தை மாற்றிச் சொல்லும் மங்கலமும் கேட்பவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக. குழூஉக்குறி மட்டும் பக்கத்தில் நிற்பவருக்குப் புரியவே கூடாது என்பதற்காக. அதையும் 'தகுதி' என்று சேர்த்துக்கொண்ட இலக்கணக்காரரின் தாராள மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்விளம்பியை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். குடித்தவன் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்த குறும்புக்காரன் எவனோ வைத்த பெயராகத்தான் எனக்குப் படுகிறது.

கேள்வி: என் 14 வயது மகளும் தோழிகளும் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டு நானும் பேசினால் நெருக்கமாகிவிடலாமா?

பதில்: கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் தயவுசெய்து பேசிவிடாதீர்கள். நீங்கள் பேசிய அன்றே அவர்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுவார்கள், நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரெஞ்சு இளைஞர்கள் சொற்களைப் புரட்டிப் போட்டுப் பேசும் வெர்லானில் இது அப்படியே நடந்திருக்கிறது. 'தலைகீழ்' என்று பொருள்படும் 'லான்வெர்' என்ற சொல்லையே அசை மாற்றிப் போட்டால் வருவதுதான் வெர்லான். பெண்ணைக் குறிக்கும் 'ஃபாம்' அதில் புரண்டு 'மெஃப்' ஆனது. அது ஊர் முழுக்கப் பரவி அகராதியிலும் ஏறிவிட்டது, பெரியவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன, மெஃபையும் ஒரு புரட்டுப் புரட்டி 'ஃபெமெ' ஆக்கிவிட்டார்கள்.

எல்லா ரகசியப் பேச்சும் விளையாட்டுக்காக உண்டானது இல்லை. தன்பாலின உறவுக்காக ஆண்களைச் சிறையில் தள்ளிய காலத்தில், இங்கிலாந்தில் அவர்களில் பலர் பொலாரி என்ற பேச்சை வைத்திருந்தார்கள். அதில் 'போனா' என்றால் நல்ல, 'வாடா' என்றால் பார். (நம்மில் யாராவது அங்கே நின்றிருந்தால் கூப்பிடுகிறார்கள் என்று கிட்டே போயிருப்போம்.) 1960களில் பிபிசி வானொலியின் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி அந்தச் சொற்களை வீடு வீடாகக் கொண்டுபோய்விட்டது, 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமும் தளர்ந்தது, பொலாரி மெல்லத் தேய்ந்துபோனது. மறைக்க வேண்டிய தேவையும் குறைந்து, மறைக்கும் சக்தியும் போய்விட்டால் அப்படிப்பட்ட பேச்சுக்கு வேறு என்ன வேலை?

கேள்வி: மருந்துச் சீட்டில் டாக்டர்கள் எழுதுவதும் ரகசிய பாஷைதானா?

பதில்: இல்லை, அது அவசர பாஷை. பி.டி. என்றால் தினம் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். எல்லாமே லத்தீன் சொற்களின் சுருக்கம், கேட்டால் மருந்துக்கடைக்காரரே சொல்லிவிடுவார். ஆனால் மருத்துவமனை ஒலிபெருக்கியில் 'கோட் ப்ளூ' என்று கேட்டிருக்கிறீர்களா? யாருக்கோ இதயம் நின்றுவிட்டது, உடனே ஓடி வாருங்கள் என்று பொருள். அதை எல்லோருக்கும் விளங்கும்படி அறிவித்தால் காத்திருக்கும் கூட்டம் என்ன ஆகும்? ஆகவே அது கொஞ்சம் குழூஉக்குறிதான்.

கேள்வி: மறைத்துச் சொல்ல ஒரு பொருளுக்கு ஒரு சொல் போதாதா?

பதில்: போதாது. கொல்கத்தா நிழலுலகத்தாரின் பேச்சைத் திரட்டி பக்திபிரசாத் மல்லிக் 1972இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மொழியியலாளர் ஹாலிடே 1976இல் 'எதிர்மொழி', அதாவது சமூகத்துக்கு எதிராக நிற்கும் கூட்டத்தின் பேச்சு, பற்றி எழுதியபோது அதிலிருந்து ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார். போலீஸுக்கு 41 சொற்கள். ஒரு சொல் போலீஸ் காதில் விழுந்தால் அடுத்தது தயாராக இருக்க வேண்டுமே! வெடிகுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, 21தான்.