கேளுங்கள், சொல்கிறோம்: எங்கள் நகருக்கு என்ன கேட்பது?

கேள்வி: காட்பாடிப் பக்கம் கழிஞ்சூரில் இருக்கிறோம். எங்கள் நகரில் இருநூறு வீடுகள். அடுத்த பதினைந்து வருடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று நலச்சங்கத்தில் எழுதி மாநகராட்சியில் கொடுக்கப் போகிறோம். சமுதாயக் கூடம், ஜிம், நடைபாதை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது? (ஒரு வாசகி)

பதில்: கட்டடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள் அம்மா. மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த இடம் காலியாகவே இருக்க வேண்டும், இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை உங்கள் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரி நிரம்பிக் கலங்கலில் (உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) விழுகிற தண்ணீருக்கு ஒரு கால்வாய் வேண்டும், அது குறுகிப் போனால் மிச்சத் தண்ணீர் தெருவில்தான் ஓடும். கிராம வரைபடமும் புலப்படமும் (சர்வே எண் வாரியாக நில அளவுகளைக் காட்டும் படம்) வாங்கி, அதில் அந்தக் கால்வாய், அதாவது ஓடை, எத்தனை மீட்டர் அகலம் என்று பார்த்துவிட்டு, நாலு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நேரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் உங்கள் மனுவின் முதல் வரி அதுதான்.

அடுத்தது ரோடு. சத்துவாச்சாரியில் நான் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்கு வருவோம், இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் வந்தது இது. ஐப்பசி பிறந்தாலே வாசலில் மணல் மூட்டை அடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 'சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும்' என்று தனியாக எழுதுங்கள்.

பூங்கா இடத்தை உடனே பாருங்கள். அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில் அது குறித்திருக்கும். 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமென்றால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு ஒதுக்கித் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுடையது பழைய மனைப்பிரிவாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வேலூர் மாநகராட்சி ஆனது 2008-ல், சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்றவை அதில் சேர்ந்தது 2011-ல். அதற்கு முந்தைய பத்திரங்கள் பழைய உள்ளாட்சி பெயரில் கிடக்கும். வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பத்திரமே பதியாமல் விட்டிருந்தால் அந்த இடத்தை யாராவது மனையாக விற்றுவிடும் ஆபத்து இருக்கிறது. சமுதாயக் கூடத்தை அந்த இடத்தில் கட்டக் கேட்காதீர்கள், மண் தரையாக விட்டால்தான் தண்ணீர் இறங்கும், பிள்ளைகளும் விளையாடும்.

எங்கே கொடுப்பது? கவுன்சிலரிடம் மட்டும் கொடுத்தால் போதாது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் கிராம சபை போலப் பகுதி சபா என்ற மக்கள் கூட்டம் நடக்கிறது, அதில் பேசித் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வேலூர் நகருக்கான முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 2 மாத அவகாசம் சட்டப்படி உண்டு. அப்போது சர்வே எண்ணோடு, இருநூறு வீட்டுக் கையெழுத்தோடு இதே மனுவைக் கொடுங்கள்.

சரி, நடைபாதை கேட்டவர்களுக்கு: ஓடையை அளந்து எல்லைக் கல் நட்ட பிறகு, அதன் கரையிலேயே போடச் சொல்லிக் கேட்கலாம். தினமும் ஆள் நடக்கிற இடத்தில் குப்பை கொட்டவும் மண் அடித்து மூடவும் யோசிப்பார்கள்.