புதுநன்மைக்குச் செபமாலையா, புத்தகமா?

புதுச்சேரியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் (எங்கள் பகுதிக் கோவில்) வாசலில், ஞாயிறு பூசை முடிந்ததும் மேசை போட்டுப் புத்தகமும் செபமாலையும் விற்றுவருகிறேன். 22 வருஷம் ஆகிறது. மறைக்கல்வி வகுப்பும் எடுத்தவள். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததை வைத்து இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

என் அண்ணன் மகளுக்கு மே மாதம் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்). வெள்ளிச் செபமாலை வாங்கலாம் என்று நினைக்கிறேன். என் கணவர் புத்தகம் கொடு என்கிறார். எது நல்லது?
— ஓர் அத்தை, முத்தியால்பேட்டை

வெள்ளி வேண்டாம் சகோதரி. வெள்ளிச் செபமாலையை அவள் அம்மா அன்றைக்கே வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார். அப்புறம் அது கல்யாணத்துக்குத்தான் வெளியே வரும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் செபமாலை தலையணைக்கடியிலும் பள்ளிக்கூடப் பையிலும் கிடக்க வேண்டும். கெட்டியான நூலில் முடிச்சுப் போட்டுக் கோத்த செபமாலை வாங்குங்கள்.

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பங்கில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் நான்தான் செபமாலை வாங்கினேன். முத்து முத்தாக, பார்க்க அவ்வளவு அழகு. மணிகளைக் கோத்த கம்பி வளையத்தை நான் இழுத்துப் பார்க்கவில்லை. நன்மை வாங்க வரிசையில் நின்ற ஒரு பையனின் கையிலேயே அது அறுந்தது. மணிகள் பீடத்துப் படி வரைக்கும் உருண்டு ஓடின. பையன் அழவில்லை, குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டான். மூன்று மாதமாக நாங்கள் தயார்படுத்திய பிள்ளை, அந்த நேரத்தில் மணியைத் தேடிக்கொண்டிருந்தான். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

செபமாலையில் 59 மணிகள். பத்துப் பத்து மணியாக உள்ள ஐந்து பகுதிகளும் வந்து சேருகிற நடுப்பதக்கத்தில்தான் இழுப்பு அதிகம், அங்கேதான் முதலில் அறும். கடையிலேயே அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போங்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் சரி. நூல் செபமாலைக்குப் போக மீதிப் பணம் நிறையவே இருக்கும், அதில் புத்தகம் வாங்குங்கள். செபமாலை சொல்லும் முறை உள்ள சிறிய புத்தகம் ஒன்று. செபமாலை சொல்லும்போது இயேசுவின் வாழ்விலிருந்து நினைத்துப் பார்க்கிற நிகழ்ச்சிகளைத்தான் மறைபொருள் என்கிறோம். அதில் ஒளியின் மறைபொருள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2002 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை அவை. பழைய பதிப்புகளையே திரும்பத் திரும்ப அச்சிடுகிறவர்களின் புத்தகத்தில் மகிழ்ச்சி, துயரம், மகிமை மூன்றுதான் இருக்கும். ஒளியின் மறைபொருள்கள் வியாழக்கிழமைக்கு உரியவை, அன்றைக்கு வகுப்பில் பிள்ளை விழிப்பாள்.

இன்னொன்று, படங்கள் உள்ள சிறுவர் விவிலியக் கதைப் புத்தகம். நம் பிள்ளைகளில் பலர் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். செபம் தமிழில் சரளமாக வாயில் வரும், ஆனால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். எழுத்து பெரிதாக, ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரி மட்டும் இருக்கிற புத்தகமாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் போட்டு, "ஒரு கதை படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். அத்தை கேட்டால் படிப்பாள்.

முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதுங்கள்: அவள் பெயர், தேதி, கோவில் பெயர். என் ஞானத்தாய் எனக்குக் கொடுத்த செபப் புத்தகத்தில் ஊதா மை ஊறிப்போய், "என் ஞானப்பிள்ளைக்கு" என்பதில் பாதிதான் இப்போது தெரிகிறது. அட்டை போய்விட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறந்தநாளுக்கு நண்பன் பைபிள் கொடுத்தான். திருக்குடும்ப ஞாயிறு அன்று கோவிலில் சீராக் வாசித்தார்கள். வீட்டில் வந்து தேடினால் என் பைபிளில் அந்த நூலே இல்லை. அச்சுப்பிழையா?
— கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பிழை இல்லை தம்பி. உங்கள் நண்பர் கொடுத்தது சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் பயன்படுத்தும் பரிசுத்த வேதாகமம். அதில் 66 நூல்கள். நம்முடையதில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகிய ஏழும் அதில் இருக்காது. எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகளும் இருக்காது.

இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. கல்யாணப் பூசையில் தோபித்து நூலில் வரும் தோபியாவும் சாராவும் செய்த செபத்தை வாசிக்கிறோம். இறந்தவர்களுக்காக மன்றாடுவதைப் பேசும்போது மக்கபேயர் இரண்டாம் நூலைத்தான் எடுக்கிறோம். கடையில் கேட்கும்போது "பைபிள்" என்று மட்டும் கேட்காமல், "திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கப் பதிப்பு" என்று கேளுங்கள். 1995இல் வந்தது. சந்தேகமாக இருந்தால் 23ஆம் திருப்பாடலைத் திறந்து பாருங்கள். "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கினால் பொது மொழிபெயர்ப்பு. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றால் மற்றது. அப்புறம் பொருளடக்கத்தில் சீராக் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நண்பர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அன்பாகக் கொடுத்தது. அந்தப் பழைய தமிழை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அதற்கு ஓர் அழகு உண்டு.

மந்திரித்த (குரு ஆசீர்வதித்த) செபமாலை என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? அறுந்துபோன பழையவற்றையும் சாமி படம் போட்ட காலண்டர்களையும் என்ன செய்வது?
— குடும்பத் தலைவி, நெல்லித்தோப்பு

வாங்காதீர்கள். மந்திரித்த பொருளை விற்றால் அதோடு சேர்ந்த பலன் நின்றுபோகும் என்பது திருச்சபையின் சட்டம். சாதாரண விலைக்கு வாங்கி, பூசை முடிந்ததும் சாமியாரிடம் (குருவிடம்) கொடுத்து மந்திரித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷ வேலை, காசும் கிடையாது.

பழையதைக் குப்பையில் போடக் கூடாது. காகிதத்தை எரித்துச் சாம்பலைச் செடிக்கடியில் போடுங்கள். மணி, சுரூபம் (சிலை) உடைந்திருந்தால் கால் படாத இடத்தில் புதைத்துவிடுங்கள்.

தோழியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். நாங்கள் இந்துக்கள். மாதா சிலை கொடுக்கலாமா? தப்பாக நினைப்பார்களா?
— வங்கி ஊழியர், லாஸ்பேட்டை

தாராளமாகக் கொடுக்கலாம் அம்மா. இந்த ஊரில் மாதா யாருக்கும் அந்நியம் இல்லை. வில்லியனூர் லூர்து மாதா குளத்துக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஒருமுறையாவது போயிருப்பார்கள்.

ஆனால் தோழி வீட்டில் மாதா சுரூபம் ஏற்கெனவே இருக்கும். இருதய ஆண்டவர் படம், அதன்கீழ் சிவப்பு பல்பு, பக்கத்தில் வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா என்று நடுவீட்டில் இடமே இருக்காது. அதனால் ஒரு யோசனை. பிள்ளைக்கு என்ன ஞானஸ்நானப் பெயர் என்று கேளுங்கள். அந்தப் புனிதரின் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுங்கள். பின்பக்கம் அவர் திருநாளை எழுதிவிடுங்கள்: அந்தோணியார் என்றால் ஜூன் 13, சூசையப்பர் மார்ச் 19, குழந்தை தெரேசம்மாள் அக்டோபர் 1, சவேரியார் டிசம்பர் 3. வருஷா வருஷம் அந்த நாளில் உங்களை நினைப்பார்கள்.

சுரூபம்தான் என்று மனசு இருந்தால் விரல்களைப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டர் சுரூபத்தில் முதலில் உடைவது கூப்பிய கையின் விரல் நுனிதான்.

பங்கின் வெள்ளிவிழாவுக்கு எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழுவில்) 15,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பங்குச் சாமியாருக்கு மோதிரம் போடலாம் என்று சிலர், கோவில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம் என்று சிலர். புத்தகம் என்றால் என்னென்ன வாங்கலாம்?
— அன்பியப் பொறுப்பாளர், வில்லியனூர்

சாமியாரிடமே கேட்டுவிடுங்கள். புத்தகம் என்றுதான் சொல்வார் என்று நம்புகிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி: அலமாரி எங்கே இருக்கப் போகிறது? சாவி யாரிடம்? பூசைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினால் ஒருவரும் கேட்டு வாங்க மாட்டார்கள். எங்கள் பங்கில் அப்படித்தான் ஆறு வருஷம் புத்தகம் தூங்கியது. அலமாரியை வாசலுக்குக் கொண்டுவந்து, ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் ஆட்கள் எடுத்துப்போக ஆரம்பித்தார்கள். சில புத்தகம் திரும்பி வராது. வராவிட்டால் யாரோ படிக்கிறார்கள் என்று விட்டுவிடுங்கள்.

15,000ஐயும் ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். பாதிக்கு இப்போது வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் எது போகிறது, எது தூசி படிகிறது என்று தெரியும்.

முதல் வரிசையில் நான் வைப்பது புனிதர் வரலாறுகள், அதிலும் முதலில் தேவசகாயம். அவர் குருவும் இல்லை, துறவியும் இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்திய திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். வேலைக்குப் போய்வருகிற ஆண்கள் கோவில் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று எல்லாப் பங்கிலும் குறை. இவர் கதையைக் கொடுத்துப் பாருங்கள், படிப்பார்கள். ஒரு பிரதி போதாது, ஐந்து வாங்குங்கள். ஐந்து வீட்டில் ஒரே மாதத்தில் படித்தால் அடுத்த அன்பியக் கூட்டத்தில் பேச விஷயம் இருக்கும்.

24 வயதில் இறந்த குழந்தை தெரேசம்மாள் தானே எழுதிய வாழ்க்கை வரலாறு இளம்பெண்களுக்கு. 1992இல் திருச்சபை வெளியிட்ட மறைக்கல்வி நூல் ஒரு பிரதி, வகுப்பு எடுப்பவர்கள் புரட்டிப் பார்க்க. பெரிய எழுத்துத் திருவிவிலியம் ஒன்று.

அப்புறம் தேம்பாவணி. கடலூர் மாவட்டக்காரர்களுக்கும் நமக்கும் வீரமாமுனிவர் தூரத்து ஆள் இல்லை. விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் எழுப்பியவர் அவர்தான். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து 3,615 பாடல் எழுதினார். அத்தனையும் நம்மால் படிக்க முடியாது. உரையோடு வந்த பதிப்பாக வாங்கி, மார்ச் மாதத்தில் ஒரு தமிழாசிரியரைக் கூப்பிட்டு நாலு பாடலுக்குப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். நம் கோவிலில் இப்படித் தமிழ் பிறந்திருக்கிறதா என்று பிள்ளைகள் கண் விரியும்.

எந்தப் புத்தகமானாலும் கடையிலேயே ஒரு பக்கத்தை முணுமுணுத்துப் படியுங்கள். சில மொழிபெயர்ப்புகளில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்கும். எவ்வளவு பெரிய புனிதர் எழுதியதானாலும் அந்தப் பதிப்பை வைத்துவிடுங்கள். முதல் பக்கங்களில் ஆயரின் (பிஷப்பின்) அனுமதி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அலமாரிக்குள் விடாதீர்கள். "இந்தச் செபத்தை 81 பிரதி எடுத்துக் கோவிலில் வைத்தால் நினைத்தது நடக்கும், வைக்காவிட்டால் கெடுதல் வரும்" என்று பெஞ்சில் கிடக்கிற துண்டுத்தாள்கள். மகனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு தாய் கடன் வாங்கிப் பிரதி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைப் பயமுறுத்தியது செபம் ஆகாது. கண்ட இடத்தில் எடுத்துவிடுங்கள்.

என் மாமியாருக்கு 78 வயது. கண்புரை ஆபரேஷன் ஆனபிறகும் சின்ன எழுத்து தெரியவில்லை. புதிய செபப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். வேறு என்ன கொடுக்கலாம்?
— மருமகள், அரியாங்குப்பம்

எழுத்து மட்டும் காரணமாக இருக்காது மகளே. புதிய புத்தகத்தில் "அருள் நிறைந்த மரியே" என்று இருக்கும். அவர் சின்ன வயதில் மனப்பாடம் செய்தது "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே." அறுபது எழுபது வருஷமாக நாக்கில் ஊறிய சொல் வேறாக இருந்தால், படிக்கும்போது தடுக்கும். தன் செபத்தையே யாரோ திருத்திய மாதிரி இருக்கும்.

என் அம்மாவுக்கும் இப்படித்தான். பழைய புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கட்டை விரலால் வரியைத் தடவிக்கொண்டே படிப்பார். மாதா பிரார்த்தனை இருந்த பக்கத்தின் ஓரம் அந்த விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, துணி மாதிரி ஆகியிருந்தது. கடைசியில் நான் 200 பக்க நீள நோட்டு ஒன்றை வாங்கி, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஆறு வரி. "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்பதற்கே ஒரு முழு வரி. எழுதி முடிக்கத் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள்) முழுக்க ஆனது. அம்மா என்ன சொல்லிச் செபிப்பார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இரண்டு செபம் அவர் பாட்டியிடம் கற்றது. அதுவும் அந்த நோட்டில் ஏறியது.

நீங்களும் அப்படி ஒரு நோட்டு எழுதுங்கள். தினம் ஒரு பக்கம் போதும். சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். வியாழக்கிழமை அவர் ஒளியின் மறைபொருள்களுக்குப் பதில் சந்தோஷ தேவ இரகசியங்களை (மகிழ்ச்சி மறைபொருள்களின் பழைய பெயர்) சொன்னால் திருத்த வேண்டாம், கூடவே சொல்லுங்கள். நோட்டுக்குக் கெட்டி அட்டை போட்டு, பக்கங்கள் படிந்து விரிகிற மாதிரி தைத்து வாங்குங்கள். மடியில் வைத்தால் தானாக மூடிக்கொள்ளக் கூடாது.