காலை இழந்த பிறகு பரதநாட்டியத்தைத் தொடர முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ஏழு ஆண்டுகள் பரதநாட்டியம் கற்று, பதினைந்து வயதில் விபத்தில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்த உங்கள் தங்கை மீண்டும் ஆட முடியுமா என்பது ஒன்று. மாற்றுத்திறனாளி நடனக் கலைஞர்கள் உண்மையிலேயே கலையால் வென்றிருக்கிறார்களா, அல்லது அவர்களுக்குக் கிடைப்பது இரக்கத்தால் வரும் கைதட்டலா என்பது மற்றொன்று. திருச்சியில் 22 ஆண்டுகளாகப் பரதநாட்டிய வகுப்பு நடத்தி வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கு என் பதில், முடியும் என்பதே. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தங்கை இனி அதிகமாகப் போராட வேண்டியிருப்பது அந்த இரக்கத்தோடுதான் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் நடனக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரனைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் தங்கைக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. 1981-இல், பதின்ம வயதில், எங்கள் திருச்சிக்கு அருகே அவர் பயணம் செய்த பேருந்து விபத்துக்குள்ளானது. காலில் இருந்த காயத்தைக் கவனிக்காமல் அதன்மேல் மாவுக்கட்டுப் போட்டுவிட்டதால் உள்ளே சதை அழுகத் தொடங்கியது. உயிரைக் காப்பாற்றுவதற்காக வலக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, வலியோடும் புண்ணோடும், அடவுகள் என்னும் அடிப்படை நடன அசைவுகளை மறுபடி முதலிலிருந்து பயின்று, 1984 ஜனவரியில் மும்பையில் மீண்டும் மேடையேறினார். அவருடைய வாழ்க்கையையே கதையாகக் கொண்ட 'மயூரி' என்ற தெலுங்குத் திரைப்படத்தில் அவரே நடித்து, தேசிய விருது நடுவர் குழுவின் சிறப்பு விருதையும் பெற்றார். இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான்.

இதற்குள் இருக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1960-களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது அந்தக் கால். அதுவரை வந்துகொண்டிருந்த மேல்நாட்டுச் செயற்கைக் கால் ஷூ அணிந்து நாற்காலியில் அமர்பவருக்காகச் செய்யப்பட்டது. அதன் கணுக்கால் அசையாது. வெறுங்காலோடு வயலில் நடப்பவரும், தரையில் குந்தி உட்காருபவரும், சம்மணமிட்டுச் சாப்பிடுபவரும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஜெய்ப்பூர் கால் ரப்பரால் ஆனது. கணுக்காலிடத்தில் வளைந்து கொடுக்கும், பக்கவாட்டிலும் சற்றுத் திரும்பும், செருப்பில்லாமலும் நடக்கவிடும். இவை மூன்றும் பரதநாட்டியத்துக்கும் வேண்டும் என்பதை ஆடியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். முழங்கால்களை மடித்துப் பாதி அமரும் அரைமண்டி நிலையில் முழுப் பாதத்தைத் தரையில் தட்ட வேண்டுமென்றால், முழங்கால் வெளிப்பக்கமாக விரிய வேண்டும், கணுக்கால் மடிய வேண்டும், பாதம் வெறுமையாக இருக்க வேண்டும். சுதா சந்திரனுக்கு முழங்கால் தப்பித்திருந்தது. உங்கள் தங்கைக்கும் தப்பியிருக்கிறது. இது மிகப் பெரிய விஷயம்.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. செயற்கைப் பாதம் தரையை உணராது. நாம் தட்டும்போது உள்ளங்காலில் சுரீரென்று ஏறும் அந்த அடிதான் தாளம் சரியாக விழுந்தது என்று நமக்குச் சொல்கிறது. அந்தச் சேதியை இனி அவள் முழங்காலிலும் இடுப்பிலும் கேட்டுப் பழக வேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் ஆகும். சில நாள் அழுகை வரும்.

சுதா சந்திரன் தேர்ந்துகொண்டது, இருக்கிற நடனத்துக்குத் தம் உடலைக் கொண்டு சேர்க்கும் வழி. அது மிகக் கடினமான வழி. அவரை நான் வணங்குகிறேன். ஆனால் நம் ஊரில் அந்த ஒரு கதையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்வதால், 'மற்றவர்களைப் போலவே ஆடிக் காட்டினால்தான் வெற்றி' என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் படிந்துவிட்டது. இருக்கிற உடலுக்கு நடனத்தைக் கொண்டு சேர்க்கும் வழி ஒன்றும் உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் மாணவி ஒருத்தி.

பிறவியிலேயே செவித்திறன் இல்லாத அவளை, ஒன்பது வயதில் அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். தாளமே கேட்காத குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் தயங்கினேன். நான் தட்டுமனை என்ற மரக்கட்டையில் கழியால் 'தை யா தை' தட்டத் தொடங்கியதும், அவள் எழுந்து வந்து தன் உள்ளங்கையைத் தட்டுமனையின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். முதல் காலம் முடிந்து, இருமடங்கு வேகமான இரண்டாம் காலத்துக்கு நான் மாறிய அதே இடத்தில் அவளுடைய இடக்கை தொடையில் இரட்டிப்பாகத் தட்டியது. அன்றே சேர்த்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது தரைப் பிரச்சினை. என் வகுப்பு மொசைக் தரை. எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அதிர்வு இரண்டடிக்கு மேல் போகாது. தெருக்கோடியில் இருந்த தச்சரிடம் நிலைமையைச் சொன்னபோது, பலகையை நேராகத் தரையில் போடாதீர்கள், அடியில் ரீப்பர் கொடுத்து உள்ளே காற்று நிற்கும்படி செய்தால் மத்தளம் மாதிரி பேசும் என்றார். எட்டடிக்கு ஆறடியில் மாம்பலகை மேடை ஒன்று செய்து தந்தார். அதன் ஒரு மூலையில் நான் தட்டினால் எதிர்மூலையில் வெறுங்காலோடு நிற்கும் அவளுக்குக் குதிகாலில் தெரியும். தட்டடவு, நாட்டடவு என்னும் தொடக்க அடவுகள் அந்தப் பலகையில்தான் வந்தன. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது நம் இலக்கணம். அவளோ தாளத்துக்காக என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பலகை வந்த பிறகு அவள் கண்கள் விடுதலை பெற்றன. முகத்தாலும் கையாலும் பொருளைக் காட்டும் அபிநயம் அதன் பிறகே தொடங்கியது.

அவளுடைய முதல் பொது நிகழ்ச்சி ஒரு விழா அரங்கில் நடந்தது. மேடை சிமெண்ட், அதன்மேல் தரைவிரிப்பு. பலகையை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மேடையின் அழகு கெடும் என்று அமைப்பாளர்கள் முதலில் மறுத்தார்கள், பிறகு இசைந்தார்கள். மிருதங்கக் கலைஞரை அவள் கண்ணில் படும் கோணத்தில் மேடையின் முன் ஓரத்தில் அமரச் செய்தோம். மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த தொடக்க உருப்படியான திஸ்ர அலாரிப்பு ஆடினாள். ஓர் இடத்திலும் பிசகவில்லை. ஆனால் திரை விலகுவதற்கு முன்னால் அறிவிப்பாளர், இந்தக் குழந்தையின் குறையைப் பெரிதுபடுத்தாமல் எல்லோரும் கைதட்டி ஊக்கப்படுத்த வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார். முன்வரிசையில் இருந்த பெண்கள் ஆட்டம் முழுவதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அறிவிப்பு அவளுக்குக் கேட்காது, கண்ணீர் தெரியும். ஒப்பனை அறைக்கு வந்ததும் சலங்கையைக்கூட அவிழ்க்காமல் என்னிடம் சைகையில் கேட்டாள்: "ஏன் அழுதார்கள்? நான் தப்பாக ஆடினேனா?"

அலாரிப்பில் அழுவதற்கு எதுவுமே இல்லை. கண்ணும் கழுத்தும் தோளும் ஒவ்வொன்றாக மலர்ந்து வரும் உருப்படி அது. அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. உங்கள் இரண்டாவது கேள்வி எனக்குள்ளும் அன்றுதான் எழுந்தது.

அதன் பிறகு உலகில் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். சீன நடனக் கலைஞர் டாய் லிஹுவாவும் சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர்; பள்ளியில் ஆசிரியர் முழக்கிய முரசின் அதிர்வைத் தரைவழியாக உணர்ந்தே தாளத்தைப் பிடித்தார் என்று படித்தபோது என் மாணவியின் கை நினைவுக்கு வந்தது. அவர் முன்னின்று ஆடிய 'ஆயிரம் கை அவலோகிதர்' நடனத்தில், செவித்திறன் இல்லாத 21 கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக நின்று, ஒரே உடலிலிருந்து கைகள் விரிவது போலக் காட்டுவார்கள். மேடையைச் சுற்றி ஓரங்களில் நிற்கும் சைகை வழிகாட்டிகள் தாளத்தைக் கைகளால் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2004-இல் ஏதென்ஸ் பாராலிம்பிக் நிறைவு விழாவில் ஆடப்பட்ட அந்த நடனத்தைக் காண்பவர் மனத்தில் எழுவது வியப்புதான். காணொளியை என் மாணவிக்குப் போட்டுக் காட்டியபோது அவள் நடனக் கலைஞர்களை விட்டுவிட்டு அந்த வழிகாட்டிகளையே தேடிக்கொண்டிருந்தாள்.

லண்டனில் 1991-இல் தொடங்கப்பட்ட கேண்டோகோ குழுவின் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான செலெஸ்ட் டாண்டெக்கர் தொழில்முறை நடனக் கலைஞராக இருந்தவர். 1973-இல் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்தவர். உடற்குறை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே குழுவில், ஒரே தரத்தில், தொழிலாக ஆட வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. அந்தக் குழுவுக்கு வந்தவர்களில் டேவிட் டூல் என்பவரை நான் மறக்க மாட்டேன். குழந்தைப் பருவத்திலேயே இரண்டு கால்களும் அகற்றப்பட்டவர். லீட்ஸ் நகரில் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு பயிலரங்குக்குப் போய், அங்கிருந்து நடனத்துக்கு வந்துவிட்டார். அவர் கைகளால் நடப்பார், கைகளால் சுழல்வார், ஒரு கையில் உடல் முழுவதையும் நிறுத்துவார். கால் உள்ள யாராலும் அந்த நடனத்தை அவரைப் போல் ஆட முடியாது. 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் அவர் ஆடினார். 2020-இல் காலமானார்.

அமெரிக்காவில் ஆலிஸ் ஷெப்பர்ட் பல்கலைக்கழகத்தில் இடைக்கால இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுச் சக்கர நாற்காலியில் ஆடும் தொழில்முறைக் கலைஞரானார். அவருடைய குழுவின் ஒரு படைப்புக்கு மேடையே ஒரு பெரிய சாய்தளம். சக்கரம் சரிவில் எடுக்கும் வேகம், மேலேறும்போது கைகள் படும் பாடு, உச்சியில் ஒரு கணம் நிற்கும் நிலை எல்லாமே அங்கே நடன அசைவுகள். நம் ஊரில் கெஞ்சிக் கேட்டாலும் கிடைக்காத சாய்தளம் அங்கே நடன மேடையாக இருக்கிறது. இங்கே பெரும்பாலான அரங்குகளில் மேடைக்குப் படிகள் மட்டுமே உண்டு. சக்கர நாற்காலியோடு ஒரு கலைஞரை நான்கு பேர் தூக்கி மேடையேற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அதுவரை கம்பீரமாக இருந்த அவர் முகம் அந்த நேரத்தில் மாறிவிட்டது.

நம் நாட்டில் முயற்சிகளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் அம்பிகா காமேஷ்வரின் ரசா அமைப்பு நடனத்தையும் நாடகத்தையும் கொண்டு சிறப்புக் குழந்தைகளோடு பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. சையத் சலாவுதீன் பாஷாவின் குழுவினர் சக்கர நாற்காலியில் பரதநாட்டியம் ஆடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு ஆதரவு தர வேண்டும் என்பதோடு, கலைப் பாடங்களையே அவர்கள் பங்கேற்கும்படி திருத்தி அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதை அறிந்த நடன ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நடனத்தால் பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் மேடையை மட்டும் நம்பிப் பிழைப்பது நம் ஊரில் எந்த நடனக் கலைஞருக்கும் கடினம்; மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு இன்னும் கடினம். அவர்களை மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று மட்டும் அழைத்து, பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சன்மானம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். இது எனக்கு ஆற்றாத கோபத்தைத் தருகிறது. பக்கவாத்தியக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை ஆடியவளுக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை? உங்கள் தங்கை மேடையேறும் நாளில் முதல் அழைப்பிலிருந்தே சன்மானம் கேளுங்கள். என் மாணவி இப்போது என் வகுப்பிலேயே சிறு பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்குகிறாள். எனக்கு அதுவும் வெற்றிதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டம்ப் என்று மருத்துவமனையில் சொல்லும் எஞ்சிய கால்பகுதி முழுவதும் ஆறி, மருத்துவர் அனுமதிக்கும் வரை நின்று ஆட அவசரப்பட வேண்டாம். முதல் ஆண்டில் அந்தப் பகுதி சுருங்கும் என்பதால் அதன்மேல் பொருந்தும் சாக்கெட் என்ற உறையை மாற்ற வேண்டியிருக்கும். அவள் வளரும் வயது வேறு. கால் செய்து தரும் நிபுணரிடம் போகும்போது, அவள் முன்பு ஆடிய காணொளி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அரைமண்டியையும் தட்டடவையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். நடக்க ஒரு கால் வேண்டும் என்று கேட்பதற்கும் இப்படி ஆட ஒரு கால் வேண்டும் என்று கேட்பதற்கும் அவர் செய்து தருவதில் வேறுபாடு இருக்கும்.

அதுவரை அவளைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பதங்கள் என்னும் பாடல்களுக்கு உட்கார்ந்தபடியே அபிநயம் பிடிக்கும் வழக்கம் நம் மரபிலேயே இருக்கிறது. முகமும் கண்ணும் கையும் மட்டுமே கொண்டு, ஒரே வரியைப் பத்து விதமாக விரித்துக் காட்டும் அந்தக் கலைக்குக் கால் தேவையில்லை. ஏழு ஆண்டு பயின்றவளுக்கு அதுவே அடுத்த பாடமாகவும் இருக்கும். அருகில் இருக்கும் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். திருச்சிப் பக்கம் என்றால் என்னிடமே அழைத்து வரலாம். செயற்கைக் கால் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பதம் தொடங்க எங்கள் இருவருக்கும் ஒரு பாய் இருந்தால் போதும்.