யானை வந்துவிட்டது, அங்குசம் எங்கே? சக்கர நாற்காலி விளையாட்டுக்கு நிதி திரட்டுவது பற்றிக் கேள்வி பதில்

இருபது ஆண்டுகள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடினேன். அதில் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் சங்கத்தின் பொருளாளர். உண்டியல் குலுக்கியிருக்கிறேன், விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், கொடுப்பவர், ஆடுபவர் என்று இரு தரப்பிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். கேளுங்கள். வரிச் சலுகைக்கு ஒரு தணிக்கையாளரிடம் போங்கள், மூட்டுவலிக்கு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனம் ஓர் அணிக்குப் பத்து விளையாட்டு நாற்காலிகள் வாங்கித் தரப்போகிறது. எந்த மாதிரி நல்லது?

அளவெடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். விளையாட்டு நாற்காலி என்பது தைத்துப் போடும் சட்டை மாதிரி. இடுப்பு அகலம், தொடை நீளம், முதுகுத் தாங்கியின் உயரம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் உடலின் இயக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு; இயக்கம் கூடினால் புள்ளியும் கூடும். ஓர் அணியில் களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக்கூடாது. இடுப்புக்கு மேலும் கட்டுப்பாடு குறைந்த 1 புள்ளிக்காரரின் இருக்கை பின்பக்கம் சரிந்து, முழங்கால் உயர்ந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் பந்துக்குக் கையை நீட்டியதும் முன்னால் சாய்ந்துவிடுவார். அதே இருக்கையில் 4.5 புள்ளிக்காரரை உட்கார வைத்தால் அவர் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

எங்களுக்கும் ஒருவர் பத்து நாற்காலிகள் தந்தார். பத்தும் ஒரே அளவு. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். நான்கு பேருக்குப் பொருந்தின. இரண்டு பேர் பக்கவாட்டில் பஞ்சு அடைத்து ஆடினார்கள். மற்ற நான்கும் கிடங்குக்குப் போய், சக்கரம் சக்கரமாகக் கழன்று உதிரிபாகங்களாக முடிந்தன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று எங்கள் தலைவர் கேட்டார். மாட்டின் மேல் உட்கார்ந்து யாரும் பந்து போடுவதில்லையே என்றேன்.

கேள்வி: நன்கொடைக் கடிதத்தில் எதைக் கேட்பது? "உதவுங்கள்" என்று எழுதினால் பதிலே வருவதில்லை.

வராது. என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எப்போது வேண்டும் என்று எழுதுங்கள். நாற்காலி வாங்கித் தர ஆள் கிடைப்பார். அதில் பெயர் பொறிக்கலாம். டியூபில் பெயர் பொறிக்க முடியாது என்பதால் டியூபுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆனால் பயிற்சி நிற்பது டியூப் இல்லாமல்தான். முன்னால் இருக்கும் சிறு சக்கரத்தின் பேரிங்கில் தலைமுடியும் தூசியும் சுற்றிக்கொள்ளும். சக்கரம் நடுங்க ஆரம்பிக்கும். நேராகத் தள்ளினாலும் நாற்காலி ஒரு பக்கம் இழுக்கும். மாற்றுவது பத்து நிமிட வேலை, பேரிங் கையில் இருந்தால். இடுப்புப் பட்டை, மைதான வாடகை, போட்டி நுழைவுக் கட்டணம், நாற்காலிகளை ஏற்றும் வண்டி ஆகியவற்றையும் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் அன்றாட நாற்காலி ஒன்று, ஆட்ட நாற்காலி ஒன்று என்பதால், பன்னிரண்டு பேர் பயணம் என்றால் இருபத்துநான்கு நாற்காலிகளுக்கு இடம் வேண்டும். இதை அப்படியே கடிதத்தில் எழுதினேன். அந்த ஆண்டுதான் வண்டிக்குப் பணம் வந்தது.

கேள்வி: வீட்டில் தாத்தாவின் பழைய சக்கர நாற்காலி இருக்கிறது. அணிக்குத் தரலாமா?

ஆடுவதற்கு ஆகாது. வீட்டில் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரப் பயணம் போய் நிதி திரட்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பலன் இருக்குமா?

ரிக் ஹான்சன் செய்து காட்டியிருக்கிறார். கனடாவின் சக்கர நாற்காலி வீரர். 1985 மார்ச்சில் வான்கூவரிலிருந்து கிளம்பி, 34 நாடுகள் வழியாக 40,000 கிலோமீட்டருக்கு மேல் கையால் தள்ளி, 1987 மே மாதம் திரும்பினார். 2 கோடியே 60 லட்சம் கனடிய டாலர் சேர்ந்தது. ஆனால் அது 26 மாத உழைப்பு. வண்டியோடு ஒரு குழுவும் கூடவே போனது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதலில் பனியன் அச்சடிப்பது, தண்ணீர், அனுமதி ஆகியவற்றின் செலவைக் கூட்டுங்கள். வரவில் பாதி அதிலேயே போகும் என்றால் வீட்டிலிருந்தே காசோலை அனுப்புங்கள்.

கேள்வி: கண்ணீர் வரவைக்கும் காணொளி போட்டால் பணம் வேகமாக வருகிறதே?

வருகிறது. அடுத்த ஆண்டு இன்னும் அதிகக் கண்ணீர் வேண்டியிருக்கும். தானும் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், மாற்றுத்திறனாளிகளை மற்றவர்களுக்கு உற்சாகமூட்டும் பொம்மைகளாக்குவதை 2014-இல் மேடையேறிக் கண்டித்தார். எங்கள் ஆள் மூன்று பேரைக் கடந்து பந்து போடுவதைப் படம் எடுங்கள். அவர் எப்படி விபத்தில் சிக்கினார் என்பதை அவராகச் சொன்னால் ஒழியக் கேட்காதீர்கள்.

கேள்வி: சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து எத்தனை முறை தரையில் படலாம்?

இரண்டு முறை. இரண்டாவது, கோட்டுக்கு வெளியே பட்டாலும் சரி. நிதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் நல்ல கேள்வி.

கேள்வி: "ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்" என்று கல்லூரியில் நிகழ்ச்சி நடத்துகிறோம். யோசனை சொல்லுங்கள்.

நிறுத்துங்கள் தம்பி. பத்து நிமிடம் உட்கார்ந்தவர் கற்றுக்கொள்வது "ஐயோ பாவம்" என்பதை மட்டும்தான்.

அதே மாணவர்: நாங்கள் போன ஆண்டு நடத்தியதில் நல்ல தொகை சேர்ந்தது. வீரர்களே சம்மதித்தார்கள். வெளியிலிருந்து குறை சொல்வது சுலபம்.

வெளியிலிருந்தா! சரி, கோபத்தை ஒதுக்கிவைக்கிறேன். சம்மதித்தார்கள் என்றால் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டீர்களா?

இடையில் ஒரு வீராங்கனை: அந்த நிகழ்ச்சியில் நான் இருந்தேன். சம்மதித்தது உண்மை. நான் ரசிக்கவும் செய்தேன், ஏனென்றால் பேராசிரியர்களை எதிரணியாக நிறுத்தி 20-0 என்று தோற்கடித்தோம். ஆனால் எங்கள் பயிற்சி நாற்காலிகளில் மாணவர்கள் மோதி விளையாடி இரண்டு சக்கரங்களை வளைத்துவிட்டார்கள். அந்தச் செலவைக் கழித்தா தொகை சொல்கிறீர்கள்?

மாணவர்: கழிக்கவில்லை. தெரியாது.

இந்த அம்மா சொன்னதில் என் வாதம் பாதி சாய்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தோற்கடிக்கும் ஆட்டம் என்றால் நடத்துங்கள். யார் திறமைசாலி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் நாற்காலிகளை வீரர்களிடமிருந்து இரவல் வாங்காதீர்கள். வளைந்த இரண்டு சக்கரங்களுக்கு இன்றே பணம் அனுப்புங்கள், தம்பி. வீராங்கனையிடம் விலை கேளுங்கள்.

கேள்வி: பணத்தை என் வங்கிக் கணக்கிலேயே வாங்கலாமா? சங்கத்துக்குக் கணக்கு இல்லை.

கூடாது. இருவர் கையெழுத்திடும் தனிக் கணக்கு தொடங்குங்கள், வந்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுங்கள், மாதம் ஒருமுறை வரவு செலவை ஆடுகிறவர்கள் முன்னால் வாசியுங்கள். ஒரு நல்ல செயலாளரை ஊர் முழுதும் திருடன் என்று பேசியதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு பைசாவும் எடுக்கவில்லை. ரசீது மட்டும் எழுதவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய சக்கர நாற்காலி ஒன்று...

மேலே பாருங்கள்.

கேள்வி: என் மாமாவின் சக்கர நாற்காலி, பயன்படுத்தாமல்...

இது மூன்றாவது. மேலே பாருங்கள், ஐயா.

மாணவர்: விலை கேட்டேன். அனுப்பிவிட்டேன். கூடவே நான்கு டியூபுக்கும் சேர்த்து.

ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.