வாரத்தில் ஒரு நாள் மாத்திரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாவுக்கு வயது 56, எடை 48 கிலோ. தேனிப் பக்கம் கிராமத்தில் அப்பாவோடு இருக்கிறார். இரண்டு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். நாலு மாதத்துக்கு முன்பு மதுரையில் ருமட்டாலஜிஸ்டிடம் காட்டினோம். மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200, காலையில் பிரெட்னிசோலோன் 5 என்று எழுதிக்கொடுத்தார். இப்போது நன்றாகவே இருக்கிறார், அவரே மாவாட்டுகிறார். ஆனால் மருந்துக்கடையில் யாரோ “இது கேன்சர் மாத்திரை ஆச்சே” என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பயம். எதிர்ப்பு சக்தி குறையாமல் இருக்க சீந்தில் பொடி சாப்பிடச் சொல்லி சித்தி கொண்டுவந்து வைத்திருக்கிறார். போன மாதம் காய்ச்சல் வந்தபோது அம்மா எல்லா மாத்திரையையும் மூன்று நாள் நிறுத்திவிட்டார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், போனில்தான் விசாரிக்க முடிகிறது. எதைக் கவனிக்க வேண்டும்? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போகலாமா என்று அம்மா கேட்கிறார்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு வேலை. இன்று இரவு போன் செய்து, மெத்தோட்ரெக்ஸேட் அட்டையையும் ஃபோலிக் ஆசிட் அட்டையையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள் இருக்க வாய்ப்பு உண்டு. இந்த மருந்தால் உயிர் போகும் சம்பவங்களில் பெரும்பகுதி, வாரம் ஒருமுறை விழுங்கவேண்டியதைத் தினமும் விழுங்கியதால் நேர்வது. உலகம் முழுக்க இதே தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. நம் மருந்துக்கடைக் கவரில் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டிருக்கும், வாரத்துக்குக் கட்டம் இருக்காது. வீட்டில் மற்ற எல்லா மாத்திரையும் தினசரி மாத்திரை. புது ஊர், உறவினர் வீடு, உடம்பு முடியாத நேரம், கண்ணாடி போடாத கண் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும்.

அதனால் ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் அதே கிழமை. சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொள்வோம். அட்டையின் மேல் பேனாவால் ‘சனி இரவு மட்டும்’ என்று தமிழில் பெரிதாக எழுதி, தினசரி டப்பாவில் போடாமல் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டிலேயே கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார். இன்னொன்று, மில்லிகிராம். 15 மில்லிகிராம் என்பது 2.5 மாத்திரையில் ஆறு, 7.5 மாத்திரையில் இரண்டு. ‘ஆறு மாத்திரை’ என்று அம்மா மனப்பாடம் செய்திருக்க, கடையில் ஸ்டாக் இல்லை என்று 10 மில்லிகிராம் அட்டையைக் கொடுத்தால் அந்த ஆறு 60 ஆகிவிடும். ஒரே அளவு மாத்திரையை மட்டும் வாங்குங்கள், மாற்றித் தந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு வாரம் மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டியதுதான், அடுத்த சனிக்கிழமை வழக்கமான அளவு. சேர்த்துப் போடவே கூடாது. தவறித் தினமும் போட்டுவிட்டால் முதலில் வாய் புண்ணாகும், தொண்டை எரியும், சாப்பாடு இறங்காது. பிறகு காய்ச்சல், தோலில் ரத்தக்கட்டு. வாய்ப்புண் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு நாள் கூடுதலாகப் போட்டது தெரிந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மாத்திரை அட்டையோடு. இதற்கு முறிவு மருந்து இருக்கிறது, ஃபோலினிக் ஆசிட். பெயர் ஒட்டியிருந்தாலும் வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் அதன் வேலையைச் செய்யாது.

‘கேன்சர் மாத்திரை’ என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. எலும்புப் புற்றுநோயில் இதே மருந்தை, உடம்பின் பரப்புக்கு ஏற்ப, ஒரே தடவையில் பத்துப் பதினைந்து கிராம்கூட ஏற்றுகிறார்கள். உங்கள் அம்மா வாரத்துக்கு எடுத்துக்கொள்வது அதில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பெரிய அளவில் அது செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. இந்தச் சிறிய அளவில் மூட்டின் உள்ளுறையைத் தாக்கும் செல்களை அடக்கி அழற்சியைக் குறைக்கிறது. அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு 1988இல் அங்கீகாரம் கிடைத்தது. இன்றும் உலகெங்கும் முதலில் எழுதப்படும் மருந்து இதுவே.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட் என்ற அந்த இரண்டு மாத்திரைகளும் ஒரே ஆராய்ச்சிக் குழுவின் வழியாக வந்தவை. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லே ஆய்வகத்தில்தான் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினையும், அதற்கு எதிராக வேலை செய்யும் வேதிப்பொருட்களையும் செய்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் அந்த வழியில் வந்தது. ஃபோலிக் ஆசிட் ஓரளவு சேர்வதால் வாய்ப்புண்ணும் குமட்டலும் ஈரல் தொந்தரவும் குறைகின்றன. மூட்டுக்கான பலன் கெடுவதில்லை. வழக்கமாக மெத்தோட்ரெக்ஸேட் போடும் நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து போடச் சொல்வார்கள். வாரத்தில் எத்தனை நாள் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும், சீட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

இனி போன மாதக் காய்ச்சல். அம்மா எல்லாவற்றையும் நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று சரி, ஒன்று ஆபத்து. காய்ச்சலோடு கூடிய தொற்றுக்கு மருந்து சாப்பிடும் நேரத்தில் அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டைத் தள்ளிப்போடுவது சரி. பிரெட்னிசோலோனை நிறுத்தியது தவறு. அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால், அதிலும் உடம்புக்கு ஸ்டீராய்டு அதிகம் தேவைப்படும் காய்ச்சல் நேரத்தில் நிறுத்தினால், ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழலாம். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போட வேண்டும். ‘இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்’ என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிரெட்னிசோலோன் என்றைக்கும் தொடர வேண்டியதில்லை, மெத்தோட்ரெக்ஸேட் பிடித்த பிறகு படிப்படியாகக் குறைத்து விட்டுவிடுவதுதான் நோக்கம். நாலு மாதம் ஆகிவிட்டது, அடுத்த முறை அதைக் கேளுங்கள். அதுவரை சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும், கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேட்க வேண்டும்.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அனுப்புங்கள். ‘உடம்பு சுடுது’ என்பது போனில் பயன்படாது, எண் வேண்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சல் மறைந்தும் இருக்கும் என்பதால் குளிர் நடுக்கம், குழப்பம், மூச்சிரைப்பு இருந்தால் எண்ணைப் பார்க்காமலே போங்கள். புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் மெத்தோட்ரெக்ஸேட் நுரையீரலைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிதுதான், ஆனால் மருந்தை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்காமல் தெரியாது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை. நம் நாட்டில் காசநோய் யாருக்கும் தூரத்தில் இல்லை. நாளைக்கு முடக்குவாதத்துக்கே கொடுக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசிகளுக்கு மாற வேண்டி வந்தால், அதற்கு முன்பே உள்ளே தூங்கும் காசநோய்க்கும் மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளுக்கும் பரிசோதித்தாக வேண்டும்.

கிராமத்தில் காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக்குக்குத்தான் முதலில் போவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கோ-ட்ரைமாக்சசோல், அதாவது செப்ட்ரான், பாக்ட்ரிம் என்று வரும் மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவருக்குக் கூடவே கூடாது. இரண்டும் ஃபோலிக் ஆசிட் உடம்பில் வேலை செய்யும் வழியைத்தான் அடைக்கின்றன. சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்வதை நிறுத்திவிடலாம். நீர்க்கடுப்புக்கு இதை எழுதுவது சகஜம் என்பதால் சொல்கிறேன். மருந்தின் பெயர், வாரம் ஒருமுறை, கிழமை, ‘கோ-ட்ரைமாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம் வேண்டாம்’ என்று ஒரு அட்டையில் எழுதி ஆதார் கார்டோடு வைத்துவிடுங்கள். எந்த டாக்டரிடமும் பேசத் தேவையில்லை, நீட்டினால் போதும்.

அக்கி வந்தால் நம் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. எழுதிக்கொள்ளட்டும், ஆனால் அதற்கு முன்பு மருந்து. அது சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து திரும்ப எழுவது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் நல்ல பலன். அம்மா மாதிரியானவர்களுக்குத் தாமதித்தால் பரவவும் செய்யும். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது அம்மை கண்டு, அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்ததில்லை என்றால், வேப்பிலை கட்டிய கையோடு டாக்டருக்கும் போன் செய்ய வேண்டும்.

சீந்தில் பொடியை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். சித்தியின் அன்பு புரிகிறது. ஆனால் அம்மாவின் நோயே எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே எதிரியாக நினைப்பது. அதைத் தூண்டிவிட ஒன்றைச் சேர்ப்பது, அணைக்கிற நெருப்புக்கு விசிறுவது போல. தவிர, கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் ஈரலைத் தொடும் மருந்து. என்சைம் ஏறினால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போய்விடும். மது இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். வலிக்குக் கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். டாக்டர் எழுதினால் சேர்த்துச் சாப்பிடலாம், தானாக வாங்கி விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கும்.

ரத்தப் பரிசோதனையை யாரும் ‘நல்லாத்தானே இருக்கிறோம்’ என்று விடக் கூடாது. தொடக்கத்தில் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை, உங்கள் அம்மாவின் கட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அளவைக் கூட்டினால் மறுபடி நெருக்கமாக. ரத்த அணுக்கள், ஈரலுக்கு எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், மூன்றும் வேண்டும். மாத்திரை போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஈரல் என்சைம் தற்காலிகமாக ஏறும். அதனால் சனி இரவு போடுபவர் வியாழன் அல்லது வெள்ளி ரத்தம் கொடுக்கட்டும். வெள்ளை அணு 3,500க்குக் கீழ், தட்டணு (பிளேட்லெட்) 1,40,000க்குக் கீழ், எஸ்.ஜி.பி.டி. 100க்கு மேல் என்றால் அடுத்த மாத்திரைக்கு முன்பு டாக்டரிடம் பேசுங்கள். அந்த எல்லைக்குள் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பழைய ரிப்போர்ட்டை வைத்துப் பாருங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் சென்னையிலிருந்தே உங்களால் இதைச் செய்ய முடியும்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. 48 கிலோவுக்கு 240தான் மேல் எல்லை, 200 சரியாகவே இருக்கிறது. கண் விழித்திரையைத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம்.

தடுப்பூசிகளில் வருடாந்திர ஃப்ளூ, நிமோனியா, உயிரற்ற வகை அக்கி தடுப்பூசி ஆகியவை போடலாம். உயிருள்ள கிருமி கொண்டவை கூடாது, போடுமுன் ‘உயிருள்ளதா’ என்று கேளுங்கள். ஃப்ளூ ஊசி போட்ட பிறகு நோய் அடங்கியிருந்தால் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்வார்கள், ஊசி நன்றாகப் பிடிக்கும் என்பதற்காக.

எவ்வளவு காலம்? வருடங்கள். இது முழுதாகப் பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும் மருந்து. பயந்து நிறுத்தினால் விரல் மறுபடி மடங்காது. மறுபடி தொடங்கினாலும் அரித்துப்போன எலும்பு திரும்பி வராது. நோய் நீண்ட காலம் அடங்கியிருந்தால் டாக்டர் தாமே மெதுவாகக் குறைப்பார். குமட்டல்தான் காரணம் என்றால் சொல்லிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது, ஒரே நாளில் இரண்டாகப் பிரிப்பது, ஊசிக்கு மாறுவது என்று வழிகள் உண்டு.

இனி திருவிழா. போகட்டும். இந்த அளவு மருந்தில் வீட்டுக்குள் அடைந்திருக்கத் தேவையில்லை. நெரிசலில் மாஸ்க், யாருக்காவது சளி இருந்தால் தள்ளி நிற்பது, கை கழுவாமல் பிரசாதம் சாப்பிடாதது, வெட்டி வைத்த பழமும் தெரியாத தண்ணீர் ஊற்றிய ஜூஸும் வேண்டாம். எனக்கு அதைவிடக் கவலை சித்திரை வெயில். நாள் முழுக்க நின்று, தண்ணீர் குடிக்காமல், கால் வலிக்கு ஒரு வலி மாத்திரையும் போட்டு, இரவு மெத்தோட்ரெக்ஸேட்டும் விழுங்கினால், வறண்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. அளவு கூடியதற்கு நிகராக உடம்பில் தங்கும். வாந்தி பேதி வந்தாலும் அப்படியே. அன்று சனிக்கிழமையாக இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். தண்ணீர் பாட்டிலை அம்மா கையிலும், மருந்தின் பெயர் எழுதிய அந்த அட்டையை அப்பா சட்டைப்பையிலும் வைத்து அனுப்புங்கள்.